மூன்றாம் மேஜையில் ஒரு சிரிப்பு

அத்தியாயம் பதினேழு

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு முகத்தில் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரிவதில்லை. மணப்பெண் எதிரே நிற்கிறாள். அவளைப் பார்க்க மாட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்து, போனுக்குள் அவள் வருகிறாளா என்று பார்ப்பார்கள். ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து வைத்தால் முதலில் அதைப் படம் எடுப்பார்கள், ஆறின பிறகு தின்பார்கள். வீட்டுக்குப் போய், தான் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணத்தையே திரையில் பார்த்துவிட்டு, அடடா இப்படியா நடந்தது என்பார்கள்.

பெய்ஷெனுக்கு இந்தக் கூத்து பிடிக்காது. எழுபத்தொரு வயது. தொலோன் கணவாயில் முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கண்ணால் பார்த்ததையே இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

அப்பேர்ப்பட்டவர் நேற்றுச் சாயங்காலம் ஒரே தடவையில் நம்பிவிட்டார்.

கடைசி மகன் உலானின் கல்யாண வீடியோவை மகள் மேரிம் வெட்டி ஒட்டி முடித்து, உறவுக்காரர்கள் அத்தனை பேர் போனுக்கும் அனுப்பியிருந்தாள். கோச்கோரில் கல்யாண வீடியோ எடுப்பதுதான் அவள் பிழைப்பு. தம்பி கல்யாணத்தையும் அவள்தான் எடுத்தாள். புது மருமகள் நூர்பெரி ஆசையாகத் தன் போனில் அதை மாமனாருக்குக் காட்டினாள்.

திரையில் பெய்ஷென் எழுந்து மைக்கை வாங்குகிறார். மணமக்களுக்குத் துஆ சொல்கிறார். "இதையெல்லாம் பாக்க ஜூரா இருந்திருக்கணும்" என்று செத்துப்போன மனைவியின் பேரைச் சொல்லும்போது அவர் குரல் உடைகிறது.

அந்த இடத்தில் படம் மாறுகிறது. மூன்றாவது மேஜை. அவருடைய தம்பி துராத். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் அடித்து அடித்துச் சிரிக்கிறான்.

ஒன்பது வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. ஜூராவுக்கு மூச்சு முட்டிய அன்று பெய்ஷென் லாரியோடு எல்லைப் பக்கம் இருந்தார். உடனே பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று தம்பிக்குப் போன் போட்டார். வழியில் பூம் பள்ளத்தாக்கில் பனிக்காற்று, விடியட்டும் என்று துராத் காத்திருந்தான். விடிந்தபோது ஜூரா இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கையைக் காலைப் பிடித்துத்தான் இந்தக் கல்யாணத்துக்கு அவனை அழைக்க வைத்தார்கள்.

அழைத்ததற்கு இதுதான் பலன். பெய்ஷென் எழுந்து, மருமகளின் போனைப் பால் வாளிக்குள் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இன்று வியாழக்கிழமை. மத்தியானம் துராத் வந்து புது மருமகளைத் தன் வீட்டு அடுப்படிக்கு அழைத்துப் போக வேண்டிய நாள். அப்படி முறையாக அழைக்காமல் புதுப்பெண் எந்த உறவுக்காரன் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. அழைக்க வந்தவனைத் திருப்பி அனுப்பினாலோ, அந்த வீடும் இந்த வீடும் அத்தோடு தீர்ந்தது. பேரன் பேத்தி காலத்தில்கூட ஒட்டாது.

காலையில் நூர்பெரி வெள்ளை முக்காட்டோடு குனிந்து, அரைக் கோப்பை தேநீர் ஊற்றி நீட்டினாள். அடுப்பு விளிம்பில் அவளுடைய போன் ஒரு துணிமேல் காய்ந்துகொண்டிருந்தது.

"பேசுதா அது?" என்றார் பெய்ஷென், அதைப் பார்க்காமலே.

"இல்ல அத்தா. பால் வாசம்தான் வருது."

அவர் தேநீரைக் குடித்தார். போனுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம்தான். சொல்லவில்லை.

"அத்தா, மத்தியானம் சின்னத்தா வீட்டுக்கு எந்த உடுப்பு போட்டுக்கட்டும்? நீலமா, சிவப்பா?"

"நீ போகல."

"அவங்க ஆடு அறுத்துட்டாங்களாம் அத்தா."

"அறுத்தவனே தின்னுக்கட்டும்."

நூர்பெரி புதுப்பெண். கல்யாணமாகி பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். அடுத்த நிமிஷம் மேரிம் வந்துவிட்டாள். கையில் பாதி கடித்த ரொட்டி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அந்தப் புள்ள போகலன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா அத்தா உங்களுக்கு?"

"உன்னைவிட நல்லாத் தெரியும்."

"சின்னத்தா என்ன செஞ்சாரு இப்ப?"

"அதை என்கிட்ட கேக்கிற? நீதான எடுத்த. நீதான வெட்டி ஒட்டின. அவன் சிரிக்கிறதை ஊரு பூரா அனுப்பி வெச்சதும் நீதான். உன் அம்மா பேரைச் சொல்லும்போது சிரிச்சிருக்கான். ஒட்டும்போது உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?"

மேரிமுக்கு முகம் சிவந்தது. "நாப்பது கல்யாணம் கையில இருக்கு. மேஜையில யாரோ சிரிக்கிறாங்க, சந்தோஷமா இருக்காங்கன்னு போட்டேன். படத்துக்குக் கீழ என்ன பேச்சு ஓடுதுன்னு அந்த நேரம் கேக்கல."

"கேக்கலையாம். என் பேச்சு உனக்குப் பின்பாட்டு."

"வாங்க. வந்து உக்காருங்க. நானும் சரியா பாக்கணும்."

"நான் பாத்தாச்சு."

"பால் வாளியில போட்டது போதும் அத்தா. வாங்க."

பின்னறையில் இரண்டு திரைகள், கேமராப் பெட்டிகள், தரையெல்லாம் கம்பிகள். பெய்ஷென் அந்த அறைக்குள் வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் பட்டை பட்டையாக நாலு வரிசை ஓடியது. மேலே மூன்று, கீழே ஒன்று.

"இந்த மூணும் மூணு கேமரா. ஒண்ணு உங்களைப் பாத்து நின்னுச்சு. ரெண்டாவது மேஜைகளைப் பாத்து. மூணாவது வாசல்ல. கீழ இருக்கிறது சத்தம். அது கேமராவுல இல்ல. மைக் எல்லாம் போய்ச் சேர்ற பலகையில ஒரு சின்னப் பெட்டி சொருகி, தனியாப் பதிஞ்சது."

"ஏன் தனியா?"

"கேமரா தூரத்துல நிக்குது. அதுல கேட்டா இரைச்சல்தான் வரும். அதனால படம் ஒரு பெட்டியில, சத்தம் ஒரு பெட்டியில. அப்புறம் உக்காந்து ரெண்டையும் பொருத்தணும்."

"என் வாயும் என் குரலும் ஒண்ணாத்தான இருந்துச்சு? அதை யாரு பிரிக்கச் சொன்னது?"

மேரிம் பட்டையை இழுத்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். பெய்ஷெனின் குரல் அறையை நிறைத்தது. ஜூரா இருந்திருக்கணும். படம் மாறியது. துராத் தொடையில் அடித்துச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

பெய்ஷென் நாற்காலியை இறுகப் பிடித்தார். நேற்று எரிந்ததைவிட இன்று அதிகம் எரிந்தது. நேற்றுச் சிறிய திரை. இதிலே அவன் கடைவாய்ப் பல்கூடத் தெரிந்தது.

"நிறுத்து" என்றார்.

படம் அப்படியே நின்றது. மேரிமும் உற்றுப் பார்த்தாள். அவள் பார்வை சிரிப்பிலிருந்து மேஜைக்கு இறங்கியது. பெய்ஷென் அதைக் கவனித்தார். தானும் மேஜையைப் பார்த்தார். பொரித்த மாவு உருண்டைகள். கீரை, முட்டைக்கோஸ். ஜாம் கிண்ணங்கள்.

கறித்தட்டு இல்லை.

அவர் எழுந்து மைக் வாங்கியபோது கறி வந்துவிட்டது. நன்றாக நினைவிருக்கிறது. பெரியவர் பங்காக இடுப்பெலும்பு அவருக்கு வந்தது. கை கொழுப்பில் வழுக்கி மைக் நழுவப் பார்த்தது. துண்டு கேட்டுத் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

மகளே சொல்லட்டும் என்று நின்றார்.

"அத்தா" என்றாள் மேரிம் மெதுவாக. "இது உங்க துஆ நேரத்துப் படம் இல்ல."

"அப்ப யாரு துஆ?"

"தெரியல. இருங்க." அவள் விரல்கள் ஓடின. "ரெண்டாவது கேமராவுக்கு நடுவுல பேட்டரி மாத்தினேன். மறுபடி ஓட விட்டா, அதுக்கு முன்னால நின்னு பலமா ஒரு கை தட்டணும். தட்டுறது படத்துல தெரியும், சத்தம் பெட்டியில விழும். ரெண்டையும் வெச்சு ஒட்டிரலாம். தட்டப் போனேன். சம்பந்தி வீட்டு அம்மா வந்து, மாப்பிள்ளைக்கு அக்கா, உனக்கு மரியாதையா முக்காடு போடணும்னு பக்கத்து ரூமுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

"கம்ப்யூட்டரு தானாப் பொருத்தும்னு பெருமை அடிச்சியே."

"பொருத்தும். கேமராவுல கொஞ்சமாவது சத்தம் தெளிவா இருக்கணும். அந்தக் கேமரா பெரிய ஒலிபெருக்கி ஒட்டி நின்னுச்சு. வெறும் உறுமல். அதனால கையால பொருத்தினேன்."

"எதை வெச்சு?"

மேரிம் தலை குனிந்தாள்.

"ஓமீனை வெச்சு."

துஆ முடிந்ததும் கூடமே ஓமீன் என்று சொல்லி, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொள்ளும். நூற்றைம்பது பேர் கை ஒரே நேரத்தில் மேலே போய்க் கீழே வரும். கை தட்டினதைவிட நல்ல அடையாளம் என்று அவள் நினைத்திருக்கிறாள். நியாயம்தான். ஆனால் ஒரு கல்யாணத்தில் ஓமீன் ஒன்றா சொல்கிறார்கள்? இருபது துஆ, இருபது ஓமீன்.

"புது பேட்டரி போட்டதுக்கு அப்புறம் வர்ற முதல் ஓமீன் உங்களுதுன்னு நினைச்சேன். நான் ரூமுக்குள்ள இருந்தப்ப இன்னொருத்தர் துஆ சொல்லி முடிச்சிருக்காரு. எனக்குக் கேக்கல."

சத்தப் பட்டையை அவள் பின்னுக்கு இழுத்தாள். பெண்ணின் மாமா ஒருவர் குரல் வந்தது. உங்களுக்குப் புள்ளைங்க எத்தனை பொறக்கணும்னா, சாயங்காலம் எண்ணிப் பாத்துட்டுப் பக்கத்து வீட்டுலயும் தேடணும் என்றார் அவர். கூடம் சிரித்தது. துராத் தொடையில் அடித்துச் சிரித்தது அதோடு சரியாகப் பொருந்தியது.

மேரிம் நாற்காலியில் சாய்ந்தாள். "என் தப்பு அத்தா. சுத்தமா என் தப்பு."

பெய்ஷெனுக்குக் கோபம் போக இடம் தெரியாமல் நெஞ்சிலேயே சுற்றியது.

"அப்ப நான் ஜூரான்னு சொன்னப்ப அந்த மேஜையில என்ன நடந்துச்சு? அதைக் காட்டு."

அவள் இரண்டாவது ஓமீனைத் தேடிப் பிடித்தாள். பட்டையை நகர்த்தினாள். ஒட்டினாள். ஓட விட்டாள்.

மூன்றாவது மேஜை. இப்போது கறித்தட்டுகள் இருந்தன. துராத்தின் பெண்டாட்டி சல்கின் கையேந்தி, தலை குனிந்து, முக்காட்டு முனையால் மூக்கைத் துடைத்தாள்.

அவள் பக்கத்து நாற்காலி காலி. அதன்மேல் துராத்தின் கம்பளித் தொப்பி மட்டும் இருந்தது.

ஜூரா இருந்திருக்கணும் என்றது குரல். நாற்காலி காலியாகவே இருந்தது. ஓமீன் வந்தது. எல்லாக் கைகளும் முகத்துக்குப் போயின. தொப்பி அப்படியே கிடந்தது.

"எழுந்து போயிட்டான்" என்றார் பெய்ஷென்.

"அத்தா, ஏன்னு தெரியாம—"

"அண்ணன் துஆ சொல்லும்போது எழுந்து போயிட்டான். சிரிச்சிருந்தாலாவது உக்காந்துகிட்டுச் சிரிச்சான்னு இருக்கும்."

"நீங்க எதைக் காட்டினாலும் கோபப்படுவீங்க."

"நீ எதைக் காட்டின? நேத்து சிரிப்பு காட்டின. அது பொய்யின்ன. இப்ப காலி நாற்காலி. இது மெய்யின்னு நான் எதை வெச்சு நம்புறது? இப்படி இழுத்தா ஒண்ணு, அப்படி இழுத்தா ஒண்ணு. நாளைக்கு அவன் உனக்குப் போன் போட்டு அழுதா, அவன் அழற படத்தையும் கொண்டாந்து என் குரலுக்குக் கீழ ஒட்டுவ."

"என்னை அப்படியா நினைக்கிறீங்க?" மேரிம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அது என் அம்மா பேரு அத்தா. எனக்கும் அம்மா."

வெளியே கார் ஹாரன் மூன்று தடவை கத்தியது.

மத்தியானம் வர வேண்டியவன் பத்து மணிக்கே வந்துவிட்டான். வெள்ளைக் காரின் கதவை அறைந்து சாத்திவிட்டு, துராத் முற்றத்து நடுவில் நின்றான். அறுபத்தாறு வயது. அண்ணனின் தோளும் மூக்கும் அப்படியே.

"மேரிம். வெளிய வா."

மேரிம் போனாள். பெய்ஷெனும் பின்னால் வந்து வாசல்படியில் நின்றார். தம்பியைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் இருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பார்த்தார்.

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்க?" என்றான் துராத். "உன் சின்னம்மா என்கிட்ட நேத்துலேர்ந்து பேசல. நாரின்லேர்ந்து, பிஷ்கெக்லேர்ந்து, யாரு யாரோ போன் போடறான். அண்ணி பேரைக் கேட்டுச் சிரிச்சவனேன்னு கேக்கறான். நான் எப்ப சிரிச்சேன்?"

"தப்பா ஒட்டிட்டேன் சின்னத்தா. மன்னிச்சிருங்க. இன்னிக்கே திருத்தி அனுப்பிடுறேன்."

"திருத்துவ. கேட்டவன் காதைத் திருத்துவியா?"

"மேரிம்" என்றார் பெய்ஷென். "உங்க சின்னத்தாகிட்ட சொல்லு. சிரிக்கலன்னு பாத்தாச்சு. சத்தம் போட வேணாம்."

"உங்க அத்தாகிட்ட சொல்லு. அவரு நம்பினாரா இல்லையா, அதைச் சொல்லச் சொல்லு. ஒன்பது வருஷமா என்னை அந்த மாதிரி ஆளுன்னுதான நினைச்சுட்டு இருக்காரு. படம் வந்ததும் வசதியாப் போச்சு."

"அவன்கிட்ட கேளு. துஆ நேரத்துல நாற்காலியில தொப்பியை வெச்சுட்டுப் போறது எந்த ஊரு மரியாதைன்னு கேளு."

துராத்தின் கை தலையிலிருந்த தொப்பிக்குப் போனது.

மேரிம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் என்ன தந்தி ஆபீஸா? நேரா பேசிக்கங்க."

பெய்ஷென் படியிலிருந்து இறங்கினார். தம்பியின் எதிரே இரண்டு அடி தள்ளி நின்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க போன?"

"காத்து வாங்கப் போனேன்."

"தொப்பி இல்லாம? இந்த ஐப்பசிக் குளிர்ல?"

துராத் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் திருகினான்.

"வாசல்ல மூணாவது கேமரா இருந்துச்சு" என்றாள் மேரிம். "அது நிக்கவே இல்ல. ஆரம்பத்துல நான் கை தட்டினதுலேர்ந்து கடைசி வரைக்கும் ஓடிச்சு. அதைப் பொருத்துறதுல தப்பு வராது. இன்னும் நான் முழுசா பாக்கல."

துராத்தின் கை நின்றது.

"அதைப் போடாத மேரிம்."

"ஏன் சின்னத்தா?"

"போடாதன்னா போடாத. நான் சிரிச்சேன்னே இருக்கட்டும். விடு."

இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவன் குரலா அது என்றிருந்தது. பெய்ஷென் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். லாரிக்காரன் பார்வை. சரக்கில் என்ன இருக்கிறது என்று தார்ப்பாயைத் தூக்காமலே கண்டுபிடிக்கிறவர். இன்று எதுவும் தெரியவில்லை.

வாசலில் நூர்பெரி வந்து நின்றாள். சிவப்பு உடுப்பு. புது பூட்ஸ். யாரும் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தட்டில் ரொட்டி ஏந்தி, சின்ன மாமனாருக்குக் குனிந்தாள். வாசலுக்கு வந்தவன் ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போடாமல் திரும்பக் கூடாது. எதிரியாக இருந்தாலும் சரி.

துராத் அண்ணனைப் பார்த்தான்.

"பிட்டுக்க" என்றார் பெய்ஷென். "அது ரொட்டி. அதை யாரும் வெட்டி ஒட்டல."

துராத் ஒரு துண்டு பிட்டான். மென்றான்.

"அத்தா" என்றாள் மேரிம். "இந்தப் புள்ள போறாளா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"அந்த வாசப் படத்தை நீ பாப்பியா, மாட்டியா?"

"பாத்துட்டுச் சொல்றேன். நீங்களும் வாங்க, சேர்ந்தே பாப்போம்."

"எனக்கு வேணாம். நீ எதைக் காட்டினாலும் அது நீ காட்டினதாத்தான் இருக்கும்."

"அப்ப எதைத்தான் நம்புவீங்க?"

அவர் குனிந்து காலி வாளியை எடுத்தார். நேற்று போன் விழுந்த அதே வாளி. தம்பியைக் கடந்து, வெள்ளைக் காரைக் கடந்து, கிழங்குக் குழிப் பக்கம் நடந்தார்.

பாதி வழியில் பின்னறை ஜன்னலிலிருந்து ஒரு கை தட்டும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. பிறகு கல்யாணக் கூட்டத்தின் இரைச்சல். மகள் பொறுக்கவில்லை, போட்டுவிட்டாள். முற்றத்தில் துராத் "வேணாம்னேன்ல" என்று உள்ளே ஓடுவதும் கேட்டது.

பெய்ஷென் திரும்பவில்லை. அன்றைக்கு நேரிலே பார்த்திருந்தால் ஒரு தடவையாவது நம்பித் தொலைத்திருக்கலாம். கூடத்தில் இருந்த நூற்றைம்பது பேரில் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒன்றைப் பார்த்திருப்பான். அவர் ஒருவர்தான் ஜூராவின் பேரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வாளி காலில் இடித்தது. அவர் நடையை எட்டிப் போட்டார்.